மருதி முதல் கங்கை வரை

இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதைகளில் அண்மைக் காலமாக ஒரே கதை பலருடைய கையெழுத்தில் வந்துகொண்டிருக்கின்றது. இளம்பெண் ஒருத்தி தன் படத்தை முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ இடுகின்றாள். அப்படத்தில் உடை சற்றே குறைவு. யாரோ ஒருவன் அதனை எடுத்துப் புலனக் குழுக்களில் பரப்புகின்றான். முன்பின் அறியாதவரெல்லாம் அவளுக்கு இழிமொழியில் எழுதுகின்றனர். ஊரில் பேச்சாகின்றது. கதை முடியும்பொழுது அவள் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். அல்லது தந்தையின் காலடியில் விழுந்து, இனித் திறன்பேசியைத் தொடுவதில்லை என்று அழுகின்றாள்.

சுவா, லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத்து இளையோர் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்த ஆண்டுகளில் இக்கதையை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. எழுதியவருள் பெண்கள் உண்டு. நாளை ஆசிரியராக வகுப்பறைக்குள் நுழையவிருக்கும் பயிற்சி மாணவரும் உண்டு. அக்கதைகள் அனைத்திலும் என் கண்ணில் பட்டது ஒன்று. படத்தைப் பரப்பியவனுக்குப் பெயர் இல்லை. ‘யாரோ ஒருவன்’ என்ற இரண்டு சொற்களோடு அவன் கதையை விட்டு நீங்கி விடுகின்றான். பெண்ணுக்கோ பெயரும் ஊரும் உண்டு. உடுத்திய உடையின் நிறமும் உண்டு.

இதனை இளம் எழுத்தாளரின் அனுபவக் குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. அவர்கள் படித்த இலக்கியத்திலும் கேட்டு வளர்ந்த பேச்சிலும் இருந்ததைத்தான் திருப்பித் தருகின்றனர். ஆகவே அவர்களைக் குறை கூறுமுன் நம் இலக்கியத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் தகும்.

மணிமேகலையின் இருபத்திரண்டாம் காதை, சிறைசெய் காதை. ஆதிரையும் ஆபுத்திரனும் நம் வகுப்பறைகளில் பெற்ற இடத்தை இக்காதை பெற்றதில்லை. அதில் மருதி என்னும் பார்ப்பனப் பெண்ணின் கிளைக்கதை வருகின்றது. புகார் நகரைக் காத்து நின்ற ககந்தனுடைய மகன் ஒருவன், காவிரியில் நீராடித் தனியே வரும் மருதியைக் கண்டு தன்னோடு வருமாறு அழைக்கின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. அவன் தீண்டவில்லை, அவள் மறுமொழி கூறவுமில்லை. ஆயினும் மருதி தன் வீட்டிற்குள் செல்ல மறுத்துச் சதுக்கப்பூதம் நிற்கும் நாற்சந்திக்குச் செல்கின்றாள். மழை தரவல்ல கற்புடைய மகளிர் பிறர் நெஞ்சில் புகமாட்டார்கள் என்பது அவள் கற்ற பாடம். நான் ஒருவன் நெஞ்சில் புகுந்துவிட்டேன்; என்னிடம் என்ன தவறு இருந்தது என்று பூதத்திடம் கேட்டு அழுகின்றாள்.

ஒருவன் பார்த்தான் என்பதற்குப் பார்க்கப்பட்டவள் விடை தேடுகின்றாள். அதனினும் வியப்பு, பூதம் அவளுக்கு ஒரு தவற்றைக் கண்டுபிடித்தும் கொடுக்கின்றது. பிறர் சொல்லும் கதைகளையும் நொடிகளையும் கேட்டாய், விழாக்களை விரும்பினாய், கணவனைத் தொழுவதோடு நில்லாமல் கடவுளரையும் வணங்கினாய், ஆதலால் உன் ஏவலுக்கு மழை பெய்யாது, பிறர் நெஞ்சைச் சுடும் ஆற்றலும் உனக்கு இல்லை என்கின்றது. கதை கேட்டதும் விழாப் பார்த்ததும் குற்றமாயின! இன்று ‘ஏன் படம் போட்டாய்’ என்று கேட்போர் அன்றைய பூதத்தின் வழித்தோன்றல்கள் எனலாம்.

ஆயினும் சாத்தனார் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. பூதத்தின் கயிறு மருதியைக் கட்டவில்லை. அரசன் தண்டிப்பதற்கு ஏழு நாள் தவணை உண்டு என்று கூறி அவளை அனுப்பி வைக்கின்றது. அந்த ஏழு நாளுக்குள் ககந்தன், தன் மகன் என்றும் பாராமல், அவனை வாளால் வெட்டுகின்றான். அறிவுரை பெண்ணுக்கும் தண்டனை ஆணுக்குமாக அமைந்த கதை இது. அந்த அறிவுரை நமக்கு இன்று உவப்பாயில்லை. என்னாலும் அதனை ஏற்க இயலவில்லை. ஆனால் அறிவுரையைத் தண்டனையாக மாற்றிவிடாத தெளிவு அக்கவிஞருக்கு இருந்தது. நம் காலத்துச் சிறுகதைகள் அறிவுரையையும் தண்டனையையும் சேர்த்து அவளிடமே கொடுத்து விடுகின்றன.

மருதி கதை, மணிமேகலையைப் பின்தொடர்ந்த உதயகுமரன் கொலையுண்ட செய்தியை மன்னனுக்கு அறிவிக்க வந்த முனிவர் வாயிலாகச் சொல்லப்படுகின்றது. மன்னன் நீதி தவறாதவன். மகன் செய்த தவற்றுக்குத் தண்டனை கிடைத்தது என்று ஏற்றுக்கொள்கின்றான். அப்படியிருந்தும் காவலில் வைக்கப்பட்டவள் மணிமேகலை. பின்னர் இறந்தவனின் தாய் அவளைத் தன்னிடம் வைத்துப் பித்தேற்ற முயல்கின்றாள். கல்லாத இளைஞன் ஒருவனை ஏவி மானங்கெடுக்கவும் முயல்கின்றாள். தான் விரும்பாத ஒருவன் தன்னை விரும்பியதைத் தவிர மணிமேகலை செய்தது ஒன்றுமில்லை. இக்காப்பியத்தைப் பௌத்த நூல் என்றும் பசிப்பிணி தீர்த்த நூல் என்றும் கற்பிக்கும் நாம், இப்பகுதியை ஏன் விரைந்து கடந்து போகின்றோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அகத்திணையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. மடலேறுதல் என்னும் துறையைக் காதலின் மிகுதிக்குச் சான்றாகவே படித்தோம், கற்பித்தோம். பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்தி, ஊர்த்தெருவில் ஏறுவேன் என்று தலைவன் கூறுகின்றான். ஊரார் அலர் தூற்றுவர்; அதற்கு அஞ்சியேனும் பெண்ணைத் தருவர் என்பது அவன் கணிப்பு. இத்துறையைத் தலைவியின் பக்கம் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அவளைக் கேளாமல் அவள் படம் தெருவுக்கு வருகின்றது. அதை வைத்து அவள் வீட்டாரைப் பணிய வைக்கின்றனர். இது புலனெறி வழக்கமேயன்றி நடந்த வரலாறு என்று கூறுவதற்கில்லை. பெரும்பாலும் ‘ஏறுவேன்’ என்ற அச்சுறுத்தலோடு நின்றுவிடுவதும் உண்மை. தொல்காப்பியர் ஏறிய மடலை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் பெருந்திணையில் வைத்ததை இங்கு நினைவுகூர்தல் நலம். அவருக்கு அது பொருந்தாக் காமமாகப் பட்டது. உரை கூறிய நமக்குத்தான் அது காவியக் காதலாகப் பட்டது.

இனி இக்காலத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943-இல் வெளிவந்தது. கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதை வாய்மொழியாகவே அறிந்து மீண்டும் கல்லாகின்றாள். அவள் குரலில் எழுந்த அக்கேள்விக்கு நம் சமுதாயம் இன்னும் விடை கூறவில்லை. அந்தத் தீயின் பெயரையே தலைப்பாகச் சூட்டி ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார்.

கதையை அறியாதார் இலர். மழையில் பேருந்துக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவியைக் காரில் வந்த ஒருவன் ஏற்றிக்கொள்கின்றான், அவளைக் கெடுக்கின்றான். வீடு திரும்பியவளை முதலில் அடித்த தாய், பிறகு அக்கம்பக்கத்தார் அறியாதபடி மகளின் தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்று கூறித் தேற்றுகின்றாள். இந்த முடிவை ஏற்க இயலாது என்று வாசகர் பலர் சினந்தனர். அச்சினத்தைத்தான் ஜெயகாந்தன் ஒரு நாவலாக எழுதினார். 1970-இல் நூலாகி 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுவே. அங்கே தாய் அலறுகின்றாள். ஊர் அறிகின்றது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகின்றான். படிக்க வைத்த மாமாவே பிறகு அவளிடம் தகாத எண்ணத்தோடு நெருங்குகின்றார். ‘கெட்டுப் போனவள்’ என்ற பெயர் வந்தபின் அவளிடம் எவரும் எதையும் கேட்கலாம் என்ற துணிவு அம்மாமாவுக்கு வருவதை ஜெயகாந்தன் காட்டும் பக்கங்கள், தமிழ் உரைநடையில் பழிசுமத்தலின் வேலைப்பாட்டைத் திறந்து காட்டிய மிகச் சிறந்த பக்கங்கள்.

சிறுகதையையே பெரிதாகப் போற்றும் திறனாய்வாளர் பலர். தாயின் கருணையில் கண் கலங்காதவர் யார்? ஆயினும் நாவலே உண்மைக்கு அணுக்கமானது என்பது என் கருத்து. அந்த நீரைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் நெடுநாளாக உண்டு. கழுவுவதற்கு நீர் வேண்டுமாயின் அங்கே அழுக்கு இருந்தது என்று தாயும் நம்புகின்றாள் என்றுதானே பொருள்? மன்னிப்பு என்பதும் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வருவது. இன்னொன்றும் உண்டு. அம்மாணவி ஏழை, கள்ளமறியாதவள், மழையில் நனைந்து நடுங்குபவள். நம் இரக்கத்தைப் பெறுவதற்கான தகுதிகள் அனைத்தையும் ஆசிரியர் அவளுக்கு முன்கூட்டியே அளித்துவிட்டார். அவள் நல்ல புடவை உடுத்தி, தான் அழகாயிருப்பதைத் தானே அறிந்து, நாலுபேர் பார்க்கட்டும் என்று அங்கு நின்றிருந்தால்? அப்பொழுதும் வாசகர் கலங்கியிருப்பாரா? தாய் நீரூற்றியிருப்பாளா?

இன்றைய இளம்பெண்ணின் படம் எழுப்பும் கேள்வி இதுதான். அவள் பார்க்கப்பட வேண்டும் என்று விரும்பியே படத்தை இடுகின்றாள். அதை மறைத்து அவளை ஏதுமறியாத பேதையாகக் காட்டும் கதைகள், அவளுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு பழைய தராசையே மீண்டும் தூக்குகின்றன. பேதையாயிருந்தால் இரக்கம், விரும்பி இட்டிருந்தால் பழி. பார்க்கப்பட விரும்புவது வேறு. தொல்லைப்பட விரும்புவது வேறு என்பதை ஏற்கும் கதை நம்மிடையே மிகக் குறைவு.

பெண்ணின் படத்தைப் பிறர் பார்ப்பது நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. போர்ட்டிக்சனிலும் சிரம்பானிலும் இருந்த படப்பிடிப்பு நிலையங்களுக்குப் பெண்ணை அழைத்துச் சென்று, இரவல் நகை பூட்டி, கன்னத்தில் விரல் வைக்கச் சொல்லிப் படமெடுத்தோம். அப்படம் தரகர் பையில் ஏறிக் கோலப்பிலாவுக்கும் தம்பினுக்கும் பயணமாயிற்று. எத்தனை வீட்டுக் கூடத்தில் எத்தனை ஆண்கள் அதைக் கையில் வைத்து நிறமும் மூக்கும் பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனை எவரும் வெட்கக்கேடு என்று கூறவில்லை. அன்று படம் தந்தையின் கையால் சென்றது. இன்று அவள் கையாலேயே செல்கின்றது. நம் சினத்தில் ஒரு பகுதி உடையைப் பற்றியதன்று, அந்தக் கையைப் பற்றியது என்று தோன்றுகின்றது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். பால்மரம் வெட்டிய காலத்தில் நம் பெண்கள் கிணற்றடியிலும் பொதுக்குழாயடியிலும் கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளித்தனர். வழி அதுவாயின் ஆண்கள் தொலைவிலேயே கனைத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நடந்தனர். வேண்டுமென்றே நின்றவன் தண்டலிடமோ கோயில் தலைவரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டான். அக்காலத்தைப் பொற்காலமாக நான் கூறவில்லை. பெரட்டுக் களத்திலும் மரக்காட்டு நிரைகளிலும் பெண்கள் மேலாளரிடம் பட்ட பாடு வேறு கதை. ஆனால் குழாயடியில் கண்ணைக் காக்க வேண்டியவன் நடந்து செல்பவன் என்பது அன்று எழுதப்படாத சட்டமாக இருந்தது. செம்பனை வந்து, வரிசை வீடுகள் காலியாகி, நாம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபொழுது அச்சட்டத்தை எங்கோ விட்டுவிட்டு வந்தோம்.

எழுதப்பட்ட சட்டமும் இதில் தடுமாறியதுண்டு. 2020-இல் எழுத்தாளர் கூடுகை ஒன்றையொட்டித் தமக்கு நேர்ந்த தொல்லையைப் பற்றிக் கேரளத்தில் ஒரு பெண் புகார் செய்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் மூத்த மலையாள எழுத்தாளர். அவர் பெயரும் வழக்கின் உண்மையும் நம் பொருளன்று. முன்பிணை கேட்டபொழுது அப்பெண்ணின் நிழற்படங்கள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன என்பதே நம் பொருள். அவற்றைப் பார்த்த கோழிக்கோடு அமர்வு நீதிமன்றம், 2022 ஆகஸ்டில், அவர் பாலுணர்வைத் தூண்டும் உடையணிந்திருந்தார் என்றும் ஆகவே அக்குற்றப் பிரிவு மேலெழுந்தவாரியாகப் பொருந்தாது என்றும் எழுதியது. பெண்களின் உடையையும் கடந்த கால நடத்தையையும் பிணை ஆணைகளில் பேசலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் அபர்ணா பட் வழக்கில் 2021 மார்ச்சு மாதமே கூறியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2022 அக்டோபரில் அந்த வரிகளை நீக்கிற்று. பிணையை மட்டும் நிலைநிறுத்திற்று. மருதியின் விழாவும் கதையும் போல அப்பெண்ணின் படங்கள் சாட்சியாயின. எழுத்தாளர் கூடிய இடத்தில் தொடங்கிய வழக்கு என்பதால் எழுத்தாளர் சங்கத்து நூலில் இதனைக் குறிக்காமல் செல்ல மனம் வரவில்லை.

சென்னையிலும் ஒன்று நடந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் அளித்த புகாரின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அடையாளம் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் அக்கசிவைக் கண்டித்ததோடு அமையாமல் அந்த அறிக்கையின் நடையையே கண்டித்தது. பாதிக்கப்பட்டவரையே இழிவுபடுத்தும் வகையில் அது எழுதப்பட்டுள்ளது என்று கூறி, 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், குறைந்தது 30 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. காவல் நிலையத்து உரைநடையை நீதிமன்றம் திறனாய்வு செய்தது இங்கே கருதத்தக்கது. வாக்கியத்தின் எழுவாயாக யாரை வைக்கின்றோம் என்பதிலேயே பாதி வழக்கு தீர்ந்து விடுகின்றது. ‘அவன் செய்தான்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அவள் கெட்டாள்’ என்று எழுதப் பழகியது நம் மொழி.

நம் நாட்டுக்கு வருவோம். டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட இராஜேஸ்வரி அப்பாவு 2024 ஜூலை 5 அன்று கோலாலம்பூரில் உயிர் நீத்தார். இணையத்தில் தம்மை இழித்தும் அச்சுறுத்தியும் பேசியவரைப் பற்றி அதற்கு முந்திய நாள்தான் காவல் துறையில் புகார் செய்திருந்தார். அவர் வழக்கு உடையைப் பற்றியதோ படத்தைப் பற்றியதோ அன்று. ஆயினும் ஒரு பெண் திரையில் முகம் காட்டினால் எதையும் சொல்லலாம் என்ற உரிமையுணர்வு அங்கும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட். அப்பிரிவு அனுமதித்த உச்ச அளவே அவ்வளவுதான். நாடே கொதித்தது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இணையப் பகடிவதையைக் குற்றமாக்கிற்று, 2025 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2022-இல், பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருந்தது. ககந்தனின் வாள் இருக்கின்றது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய வீட்டாரும் ஆசிரியரும்தான் பூதத்தின் கேள்வியோடு குறுக்கே நிற்கின்றனர்.

பெற்றோரும் ஆசிரியரும் எச்சரிக்கவே கூடாதா என்று கேட்பர். எச்சரிக்கலாம், எச்சரிக்க வேண்டும். ஒருமுறை வெளியே சென்ற படம் மீளாது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லாத ஆசிரியர் கடமை தவறியவர். ஆனால் அச்சொல்லுக்கு ஒரு காலம் உண்டு. நிகழ்வதற்கு முன் சொன்னால் அறிவுரை. நிகழ்ந்த பிறகு அதே சொல்லை அதே குரலில் சொன்னால் தீர்ப்பு. பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும்பொழுது ‘நான் அப்பொழுதே சொன்னேனே’ என்று தொடங்கும் ஆசிரியரிடம் அது மறுமுறை வராது. படத்தைப் பரப்பியவனுக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை. அவளை மிரட்டும்பொழுது அவன் சொல்லும் வாசகமும் அதுதான்: வீட்டில் சொன்னால் உன்னைத்தான் ஏசுவார்கள்.

கதை எழுதுவோர் இவ்விடத்தில் செய்யக்கூடியது நிறைய உண்டு. படம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்த நொடியை எவரும் எழுதவில்லை. அனுப்புபவன் சிரிக்கின்றானா? பெறுபவன் தங்கையின் முகம் நினைவுக்கு வந்து கண்ணை விலக்குகின்றானா, விலக்காமல் பெரிதாக்கிப் பார்க்கின்றானா? குழுவில் நாற்பது பேர் இருக்க, ‘இதை நீக்கு’ என்று ஒருவன் எழுதினால் மற்றவர் அவனை என்ன சொல்லி அழைக்கின்றனர்? ஓர் ஆணின் மனம் இயங்கும் விதத்தை எழுதத் தமிழ் எழுத்தாளருக்கு வன்மை இல்லை என்று எவரும் கூறார். மாமா வெங்குவை எழுதிய மொழி இது.

சென்ற ஒரு போட்டியில் இத்தகைய முயற்சி ஒன்றைக் கண்டேன். இடைநிலைப் பள்ளி மாணவன் ஒருவன் எழுதியது. படம் அவன் திறன்பேசிக்கு வருகின்றது. படத்திலுள்ளவள் காலையில் அவனோடு ஒரே பேருந்தில் செல்பவள். அவன் அதை யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. மறுநாள் பேருந்தில் அவள் வழக்கம்போல் முன்னிருக்கையில் அமர்கின்றாள். அவன் பின்னால் நின்றுகொண்டு, தன் பையிலிருக்கும் திறன்பேசியின் கனத்தை உணர்கின்றான். அவளுக்கு எதுவும் நேர்ந்ததாகக் கதையில் இல்லை. சந்திப் பிழைகள் மிகுதி. இரண்டு இடங்களில் பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் கலந்திருந்தன. நடுவர் மூவருள் ஒருவர், இதில் படிப்பினை எங்கே என்று கேட்டார். நான் வாதிட்டேன். மொழிநடைக்கு ஒதுக்கப்பட்ட மதிப்பெண் குறைந்ததால் அக்கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை.